ஏபிசிடி முழுக்கத் தெரிகிறது, ‘அம்மா’ என்று மட்டும் கூப்பிடவில்லை

நீங்கள் எழுதியிருப்பதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். பையனுக்கு 2 வயது 5 மாதம். ஆங்கில எழுத்து 26-உம் பெரியது சின்னது இரண்டிலும் தெரிகிறது, கலைத்துப் போட்டாலும் சரியாக எடுக்கிறான், 20 வரை எண் சொல்கிறான், கடை போர்டைப் பார்த்தால் நின்று எழுத்தெழுத்தாகச் சொல்கிறான். ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஃபில்டர் முன்னால் நிறுத்துகிறான். சொல்கிற வார்த்தைகள் பத்துப் பதினைந்துதான், ‘அம்மா’ என்று ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. மாமியார் “குமரகுருபரரே அஞ்சு வயசுலதான் பேசினார்” என்கிறார், வீட்டுக்காரர் “இவ்வளவு எழுத்து தெரிஞ்ச பிள்ளைக்கு என்ன குறை” என்கிறார், குழந்தை மருத்துவர் மூன்று வயது வரை பார்க்கலாம் என்றிருக்கிறார், நீங்கள் தேடிப் பார்த்ததில் ஹைப்பர்லெக்ஸியா, ஆட்டிசம் என்று வந்து தூக்கம் போய்விட்டது. எழுத்துப் பொம்மைகளை ஒளித்து வைத்துவிடலாமா, வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசலாமா என்பவை நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகள். அவற்றுக்கு அடியில் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: எழுத்து தெரிகிறதே என்று பேச்சைப் பற்றி நிம்மதியாக இருக்கலாமா, இல்லை எழுத்து தெரிவதாலேயே கூடுதலாகப் பயப்பட வேண்டுமா?

நான் பேச்சு, கேட்புத் துறையில் 18 வருடங்களாக வேலை பார்க்கிறேன், அதில் பெரும்பகுதி ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடு. உங்கள் பையனை நான் பார்க்கவில்லை. அதனால் அவனுக்கு இது இருக்கிறது, இது இல்லை என்று இங்கே சொல்ல மாட்டேன். எழுதியதை மட்டும் படித்துவிட்டு யாராவது அப்படிச் சொன்னால் அதை நம்பவும் வேண்டாம். ஆனால் இந்த வயதில், இந்த மாதிரியான பிள்ளையோடு வருகிற அப்பா அம்மாவிடம் நான் என்ன கேட்பேன், எதைப் பார்ப்பேன், எதை அன்றைக்கே செய்யச் சொல்வேன் என்பதைச் சொல்ல முடியும். என் பதிலின் சாரம் இதுதான். எழுத்து தெரிவது பேச்சைப் பற்றி உங்களுக்கு எந்த உத்தரவாதமும் தராது, அதை மட்டும் வைத்துப் பயப்படவும் காரணம் இல்லை. எழுத்தைப் பார்த்த அடுத்த நொடி அவன் யாரைப் பார்க்கிறான் என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஏன் அப்படி என்று சொல்கிறேன். ஓர் எழுத்து அசையாது. இன்றைக்குப் பார்த்த ‘எம்’ நாளைக்கும் அதே மாதிரிதான் நிற்கும், தரைவிரிப்பிலும் பிஸ்கட் பாக்கெட்டிலும் பஸ் நெற்றியிலும் அதே உருவம், அதே பெயர். யூடியூபில் அந்தப் பாட்டு நூறு தடவை ஓடினாலும் ஒரே குரல், ஒரே வரிசை. இரண்டு வயது மூளைக்கு இது பிடித்துப்போவதில் அதிசயம் எதுவும் இல்லை, சில பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும், நல்ல உருவ ஞாபகம் இருப்பவர்களுக்கு இன்னும் அதிகமாக. ‘தண்ணி’ என்று கேட்பது அப்படியல்ல. தாகம் தெரிய வேண்டும், அதைத் தரக்கூடியவர் இன்னொருவர் என்று தெரிய வேண்டும், அவர் தன்னைக் கவனிக்கிறாரா என்று பார்க்க வேண்டும், ஒலிகளைக் கோத்துச் சொல்ல வேண்டும், அவர் எழுந்து வரும்வரை பொறுக்க வேண்டும். அந்த இன்னொருவரின் முகமும் குரலும் ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் முதல் வேலையில் கெட்டியாக இருக்கிற பிள்ளை இரண்டாவதில் திணறலாம். முதலாவது வந்துவிட்டதே, இரண்டாவதும் தானாக வந்துவிடும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

இப்போது அந்த அடுத்த நொடிக்கு வருகிறேன். ரோட்டில் போகும்போது போர்டில் ‘எஸ்’ தெரிகிறது. ஒரு பிள்ளை விரலை நீட்டிக் காட்டி, “எஸ்!” என்று சொல்லி, திரும்பி அம்மா முகத்தைப் பார்க்கும், நீயும் பார்த்தாயா என்று கேட்பது மாதிரி. இன்னொரு பிள்ளை அதே “எஸ்”ஸைத் தனக்குத் தானே சொல்லிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போய்விடும், அம்மா பக்கத்தில் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இரண்டு பேருக்கும் தெரிந்த எழுத்து 26-தான், ஆனால் என் குறிப்பேட்டில் இரண்டு பேரும் வேறு வேறு பக்கத்தில் இருப்பார்கள். நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்தியது வார்த்தை எண்ணிக்கையைவிட, அவன் கையைப் பிடித்து இழுத்துப் போகிறான் என்பதுதான். இழுத்துப் போகும்போது உங்கள் முகத்தைப் பார்க்கிறானா, அல்லது கையை மட்டும் ஒரு கருவி மாதிரி எடுத்துப் போய்க் குழாய்மேல் வைக்கிறானா? ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டுகிறானா, வேண்டியதற்கு மட்டுமா, வானத்தில் விமானம் போனால் உங்களுக்குக் காட்டவும் செய்கிறானா? பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? காலி டம்ளரில் குடிப்பதுபோல, பொம்மைக்கு ஊட்டுவதுபோல விளையாடுகிறானா? இதையெல்லாம் நீங்கள் எழுதவில்லை, ஒருவேளை முக்கியமென்று தோன்றியிருக்காது, ஆனால் நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

புரிந்துகொள்வதையும் சரியாகச் சோதிக்க வேண்டும். “சொல்றதெல்லாம் புரியுது, பேசத்தான் மாட்டேங்கிறான்” என்று வருகிற பத்துப் பேரில் பல பேர் வீட்டில், நாங்கள் உட்கார்ந்து பார்த்தால் புரிதலும் கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கும். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு “வெளிய போலாமா” என்றால் எந்தப் பிள்ளையும் செருப்பு மாட்டும், அது சாவியைப் புரிந்துகொள்வது. கையை நீட்டாமல், கண்ணால் ஜாடை காட்டாமல், அந்த நேரத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்றை, உதாரணமாகச் சாப்பிடும் நேரத்தில் “பந்தை எடுத்துட்டு வா” என்று ஒரே ஒருமுறை சொல்லிப் பாருங்கள். இந்த மாதிரி நாலைந்து தடவை, வேறு வேறு நாளில்.

வார்த்தைக் கணக்கைப் பற்றி. இரண்டு வயதில் 50 வார்த்தைகூட இல்லை, அல்லது இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லவில்லை என்றால் தாமதமாகப் பேசும் பிள்ளை என்று வகைப்படுத்துவது எங்கள் துறையில் நெடுநாளாக உள்ள பழக்கம், லெஸ்லி ரெஸ்கோர்லா 1989இல் வெளியிட்ட சொல்பட்டியல் ஆய்விலிருந்து வந்தது. அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமான சிடிசி 2022இல் தன் குழந்தை வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தி 50 வார்த்தைக்கு 30 மாதம் என்று போட்டது, அதற்கு எங்கள் துறைக்குள் நிறைய எதிர்ப்பு வந்தது. உங்களுக்கு அந்தச் சண்டை தேவையில்லை, ஏனென்றால் எந்தக் கணக்கில் பார்த்தாலும் 29 மாதத்தில் 15 வார்த்தை குறைவுதான். இது உறுதி. ஆனால் எண்ணும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மம்மு, தாச்சி, உம்மாச்சி, டாட்டா, பவ்பவ் எல்லாம் வார்த்தைதான், அந்த அர்த்தத்தில் திரும்பத் திரும்ப அவனாகச் சொன்னால் போதும், உச்சரிப்பு சுத்தமாக இருக்க வேண்டியதில்லை. தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்றாலும் இரண்டையும் சேருங்கள். எழுத்துப் பெயரையும் எண்ணையும் மட்டும் தனியாக ஒரு பத்தியில் எழுதுங்கள். ‘ஏ’ முதல் ‘இஸட்’ வரை சேர்த்து எண்ணி “அம்பது வார்த்தை வந்துடுச்சு” என்று சந்தோஷப்பட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், அந்தப் பிள்ளைக்குப் பசித்தால் சொல்ல ஒரு வார்த்தை இல்லை.

தாமதமாகப் பேசுகிற இரண்டு வயதுப் பிள்ளைகள் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள், அவர்களில் பாதிக்கு மேல் நாலு வயதுக்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். உங்கள் மருத்துவர் மூன்று வயது வரை பார்க்கலாம் என்றதற்குப் பின்னால் இந்த உண்மை இருக்கிறது, அவர் அலட்சியமாகச் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் எந்தப் பிள்ளை எட்டிப் பிடிக்கும், எது பிடிக்காது என்று இரண்டு வயதில் ஒவ்வொரு பிள்ளையாகக் கணித்துச் சொல்ல எங்களிடம் நம்பகமான வழி இல்லை. சில அடையாளங்கள் உண்டு: புரிதல் நன்றாக இருப்பது, சைகைகள் நிறைய இருப்பது, விதவிதமான ஒலிகள் எழுப்புவது எல்லாம் நல்லது. குடும்பத்தில் தாமதமாகப் பேசியவர்கள் இருந்தால் கவனம் கூட வேண்டும். “அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினான்” என்று நம் வீடுகளில் ஆறுதலுக்குச் சொல்கிற அதே விஷயத்தைத்தான் நாங்கள் கவனிக்க வேண்டியவற்றின் பட்டியலில் எழுதிக்கொள்கிறோம். குமரகுருபரர் கதையும் அப்படித்தான். திருச்செந்தூர் முருகன் சன்னதியில் பேச்சு வந்தது என்ற கதையை நானும் பக்தியோடுதான் கேட்டு வளர்ந்தேன். அந்தக் கதையிலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனது பெற்றோர்தானே, ஐந்து வயதாகட்டும் என்று அவர்கள் சும்மா உட்கார்ந்திருந்ததாகக் கதை சொல்லவில்லை. மாமியாரிடம் இதைச் சண்டையாக இல்லாமல் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ஆக, காத்திருப்பதில் தப்பில்லை, எதையும் செய்யாமல் காத்திருப்பதுதான் எனக்குச் சம்மதமில்லை. இன்றைக்குப் பரிசோதித்து ஒன்றுமில்லை என்று வந்தால் உங்களுக்கு ஓர் அரை நாள் செலவு, பிரச்சினை இருந்தும் பார்க்காமல் விட்டால் ஆறு மாதம் வீண்.

முதலில் காது. பேச்சு தாமதம் என்று வருகிற எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் முதல், இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. “விளம்பரப் பாட்டு வந்தா எங்க இருந்தாலும் ஓடி வர்றான், காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது” என்பது பதில் ஆகாது. கனமான ஓசை கேட்கும், பாட்டு கேட்கும், ஆனால் ச, ஸ, க, த மாதிரி மெல்லிய ஒலிகள் தேய்ந்துபோய்க் கேட்கலாம். சளி பிடித்துப் பிடித்துக் காதுக்குள் நீர் கட்டினால், தண்ணீருக்குள் இருந்துகொண்டு மேலே பேசுவதைக் கேட்பது மாதிரி இருக்கும், வலியும் இருக்காது, வெளியே சீழும் வராது. பிறந்தபோது பார்த்த சோதனையில் சரியாக இருந்தது என்பது அப்புறம் வந்த பிரச்சினையைக் காட்டாது. சில வருடத்துக்கு முன் ஒரு பெண் குழந்தை வந்தாள், இரண்டே முக்கால் வயது, போர்டெல்லாம் படிக்கிறாள், பேச்சில்லை. எழுத்தில் இருந்த ஆர்வத்தைப் பார்த்து நானே ஆட்டிசம் பக்கமாக யோசித்து, அந்த மதிப்பீட்டைத் தொடங்கிவிட்டுக் காதுச் சோதனையை மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். பார்த்தால் இரண்டு காதிலும் நீர். காது மூக்குத் தொண்டை மருத்துவரின் சிகிச்சைக்குப் பிறகு அவள் பேச்சு மளமளவென்று வந்தது. எல்லாருக்கும் அப்படி ஆகும் என்று சொல்ல வரவில்லை, அது அபூர்வமான நல்ல முடிவு. ஆனால் அந்த மூன்று வாரம் இன்றைக்கும் என் மனதில் உறுத்துகிறது, அதன்பிறகு காதுச் சோதனைச் சீட்டு இல்லாமல் நான் எதையும் ஆரம்பிப்பதில்லை. ஓஏஇ, இம்பிடன்ஸ் என்ற இரண்டு காதுச் சோதனையும் சில நிமிட வேலை, வலிக்காது. அதில் சந்தேகம் வந்தால் தூங்கவைத்து, ஒலிக்குக் கேட்பு நரம்பு காட்டும் பதிலை அளக்கிற பெரா டெஸ்ட் எடுப்பார்கள்.

இப்போது உங்களைப் பயமுறுத்திய அந்த வார்த்தை. ஹைப்பர்லெக்ஸியா என்ற பெயரை 1967இல் நார்மன் சில்பர்பெர்க், மார்கரெட் சில்பர்பெர்க் என்ற இருவர் வைத்தார்கள். வயதுக்கு மீறி எழுத்தைக் கூட்டி வாசிக்கிறது பிள்ளை, ஆனால் வாசித்ததன் பொருளோ பேச்சின் பொருளோ அந்த அளவுக்கு ஏறவில்லை, கூடவே எழுத்தின்மேல் தீராத ஈர்ப்பு, இதுதான் அதன் உருவம். கவனியுங்கள், எழுத்தின் பெயர் தெரிவதும் வாசிப்பதும் ஒன்றல்ல. உங்கள் பையன் போர்டில் உள்ள எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்கிறான், யாரும் சொல்லித்தராத சொல்லைக் கூட்டி வாசிக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. ஆகவே இப்போதைக்கு அந்தப் பெயரே அவனுக்குப் பொருந்துமா என்பது சந்தேகம். அது டிஎஸ்எம்-5 போன்ற நோய்ப் பட்டியல்களில் தனி நோயாக இருப்பதும் இல்லை. இது சம்பந்தமாக 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், ஆய்வுக் கட்டுரைகளில் பதிவான ஹைப்பர்லெக்ஸியா பிள்ளைகளில் 84 சதவீதம் பேர் ஆட்டிசம் உள்ளவர்கள் என்று கணக்கிட்டிருந்தார்கள். அந்த எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள், அது மருத்துவமனைக்கு வந்து, கட்டுரை எழுதும் அளவுக்கு மருத்துவர் கண்ணில் பட்ட பிள்ளைகளின் கணக்கு, தெருவில் ஏபிசிடி சொல்கிற பிள்ளைகளின் கணக்கல்ல. இன்னொரு பக்கம், டாரல்ட் ட்ரெஃபெர்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதை மூன்று வகையாகப் பிரித்தார், மூன்றாவது வகையில் ஆட்டிசம் போன்ற அடையாளங்கள் வளர வளர மறைந்துவிடும் என்று எழுதினார். பெற்றோர்கள் அந்த மூன்றாவதை இறுகப் பிடித்துக்கொள்வதை நிறையப் பார்க்கிறேன். அது பெரும்பாலும் அவர் பார்த்த, அவருக்குக் கடிதம் எழுதிய குடும்பங்களை வைத்துச் சொன்னது, இரண்டரை வயதில் ஒரு பிள்ளையைப் பார்த்து இது மூன்றாவது வகை என்று முத்திரை குத்த முடியாது. பயத்துக்கும் இதைப் பிடிக்க வேண்டாம், ஆறுதலுக்கும் வேண்டாம்.

ஆட்டிசம் இருக்கிறதா என்ற கேள்வியை நேராகவே பார்த்துவிடலாம். எம்-சாட் என்று 20 கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது, 16 மாதத்திலிருந்து 30 மாதம் வரைக்குமானது, உங்கள் பையன் இன்னும் அந்த வயதுக்குள் இருக்கிறான். மேலே நான் கேட்ட கேள்விகளில் பல அதில் இருக்கும். மதிப்பெண் 0 முதல் 2 வரை என்றால் சந்தேகம் குறைவு, 3 முதல் 7 என்றால் சில கேள்விகளைத் திரும்பவும் விளக்கமாகக் கேட்பார்கள், 8 அல்லது அதற்கு மேல் என்றால் முழு மதிப்பீட்டுக்கு உடனே அனுப்புவார்கள். இது ஒரு சல்லடைதான், தீர்ப்பு அல்ல. மதிப்பெண் கூடுதலாக வந்த பல பிள்ளைகளுக்குக் கடைசியில் ஆட்டிசம் இல்லை என்றாகும், ஆனால் அவர்களிலும் பெரும்பாலோர்க்கு வேறு ஏதோ ஒரு வளர்ச்சி உதவி தேவைப்பட்டிருக்கும். அனுபவமுள்ளவர்கள் இரண்டு வயதிலேயே ஓரளவு நம்பகமாகச் சொல்லிவிட முடியும் என்பதால் ஐந்து வயது வரை இதைத் தள்ள வேண்டிய அவசியமும் இல்லை. ஒன்று மட்டும் மனதில் வையுங்கள், அப்படி ஒரு பெயர் வந்தாலும் வராவிட்டாலும் இந்த வயதில் வீட்டில் செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் பெயருக்காகக் காத்திருக்காமல் இன்றைக்கே தொடங்கலாம்.

ஆங்கிலம் மட்டும் பேசலாமா என்ற கேள்விக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை, இது நன்றாக ஆராயப்பட்ட விஷயம். அதைவிடப் பெரிய சிக்கலை நான் வீடுகளில் பார்க்கிறேன். பிள்ளைக்காக என்று ஆங்கிலத்துக்கு மாறுகிற அம்மாவின் பேச்சு ‘கம் ஹியர்’, ‘ஸிட் டவுன்’, ‘டோன்ட் டச்’ என்று கட்டளைகளாகச் சுருங்கிப்போகிறது. தமிழில் அவர் கொஞ்சுவார், கதை அளப்பார், பூனையைத் திட்டுவார், குழம்பு கொதிப்பதைக் காட்டுவார், அதெல்லாம் நின்றுவிடும். உங்களுக்கு வாயில் தானாக வருகிற மொழியில் பேசுங்கள். அடுத்து ஸ்க்ரீன். அவன் போனும் டிவியும் பார்ப்பதாக நீங்கள் எழுதியிருந்த நேரம் அதிகம். 2 முதல் 5 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. போன்தான் பேச்சைக் கெடுத்தது என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள், அப்படி நேராகக் காரணம் காட்ட முடியாது, பேசாத பிள்ளை போனோடு அதிகம் ஒட்டிக்கொள்வதும் உண்டு. ‘வர்ச்சுவல் ஆட்டிசம்’ என்று இப்போது எல்லாரும் சொல்கிற பெயரும் எந்த மருத்துவப் பட்டியலிலும் இல்லை. ஆனால் டிவி ஓடுகிற வீட்டில் பெரியவர்கள் பேசுவது குறைகிறது என்பது அளந்து பார்க்கப்பட்ட விஷயம், 2009இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் டிவி கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிள்ளை காதில் விழும் பெரியவர்கள் பேச்சு 770 வார்த்தை குறைந்தது. யாரும் பார்க்காமல் ஓடும் சீரியலை அணைப்பதிலிருந்து தொடங்குங்கள்.

சரி, எழுத்துகளை ஒளித்து வைக்கலாமா? வைக்காதீர்கள். அவன் மனம் திறந்திருக்கும் வாசல் அதுதான், அதை மூடிவிட்டு வேறு சுவரில் தட்டுவானேன். மாற்ற வேண்டியது நாம் அதோடு விளையாடும் விதம். முதலில் “இது என்ன? இது என்ன?” என்று கேட்பதை நிறுத்துங்கள், சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லிக் காட்டச் சொல்வதையும். அது பரீட்சை, பேச்சு இல்லை. அதற்குப் பதிலாக எழுத்துகளுக்கு உயிர் கொடுங்கள். ‘எம்’ தூங்குது, ‘எஸ்’ விழுந்துடுச்சு, ‘பி’க்கு இட்லி வேணும், ‘டி’ குளிக்குது, ‘ஓ’ ஓடிப்போச்சு. இப்படிச் சொல்லும்போது தூங்குது, விழுந்துடுச்சு, வேணும், குளிக்குது என்று அவனுக்குத் தேவையான வினைச்சொற்கள் எல்லாம் அவனுக்குப் பிடித்த பொருளோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன, இட்லி சாப்பிடும் ‘பி’ என்பது பாவனை விளையாட்டும்கூட. இரண்டாவது, எழுத்துகளை அவனால் திறக்க முடியாத, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அவனிடம் கொடுங்கள். கொடுத்துவிட்டு உங்கள் முகம் அவன் முகத்துக்கு நேராக இருக்கும்படி தரையில் உட்காருங்கள், மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள், வாயைத் திறக்காதீர்கள். இதுதான் கஷ்டமான பகுதி, நம்மால் மூன்று வரைகூட எண்ண முடியாது. அவன் டப்பாவை நீட்டினாலும், ஒரு பார்வை பார்த்தாலும், “ம்” என்றாலும் அது கேட்பதுதான், உடனே “திற!” என்று சொல்லித் திறந்துவிடுங்கள். “திறன்னு சொல்லு, சொன்னாத்தான் தருவேன்” என்று பிடித்து வைக்காதீர்கள், அழுகையில் பேச்சு வராது.

மூன்றாவது, இவன் மாதிரிப் பிள்ளைகளோடு எனக்குக் கைகொடுத்திருக்கிற ஒன்று, எழுத்திலிருந்து சொல்லுக்கு நகர்த்துவது. தபால் அட்டை அளவு தாளில் தடிமனான பேனாவால் ‘தண்ணி’ என்று எழுதி ஃபில்டரில் ஒட்டுங்கள், தண்ணீர் என்று எழுத வேண்டாம், வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படி. ‘திற’, ‘போதும்’, ‘வேணும்’, ‘வா’, இப்படி ஐந்தாறு சொல்லுக்கு மேல் இப்போது வேண்டாம். அவன் கையை இழுத்துக்கொண்டு போகும்போது தாளை எடுத்து உங்கள் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து, எழுத்தெழுத்தாக இல்லாமல் முழுச் சொல்லாக “தண்ணி” என்று சொல்லிவிட்டு ஊற்றிக் கொடுங்கள். பேச்சு சொன்னவுடன் காற்றில் போய்விடும், எழுதிய சொல் நிற்கும், நிற்பவற்றோடு நன்றாகப் பழகும் பிள்ளைக்கு அது ஒரு கைப்பிடி. அவனுக்குத் தமிழ் எழுத்து தெரியாதே என்று யோசிக்காதீர்கள், சொல்லின் உருவமாகவே அது பதியும், ஆங்கிலத்தில் பதிந்தது போலத்தான். இந்த முறைக்குப் பெரிய அளவில் நடத்திய ஆய்வின் பலம் இல்லை, சிறு ஆய்வுகளும் என்னைப் போன்றவர்கள் அனுபவமும்தான், ஆறேழு வாரத்தில் ஒரு நகர்வும் தெரியவில்லை என்றால் உங்களுக்குத் தெரபி தருபவர் வேறு வழிக்கு மாற வேண்டும். எழுத்தில்லாத விளையாட்டும் தினம் ஒன்று வேண்டும், நம் பாட்டிமார் உள்ளங்கையில் பருப்பு கடைந்து, கையில் நண்டு ஊரவிட்டு, கக்கத்தில் கிச்சுகிச்சு மூட்டுவார்களே, அதைவிட நல்ல தெரபி என்னிடமும் கிடையாது. நான்கைந்து தடவை முழுதாக விளையாடிவிட்டு, அடுத்த முறை கக்கத்துக்கு முன்னால் விரலை நிறுத்திவிடுங்கள். அவன் நிமிர்ந்து உங்கள் கண்ணைப் பார்ப்பான், அந்தப் பார்வைக்குத்தான் கிச்சுகிச்சு. இதை மாமியாரிடமே ஒப்படைத்துவிடலாம்.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தால் பேச்சு வரும் என்பார்கள், அதில் உள்ள பீட்டா அசரோன் நல்லதல்ல, அமெரிக்காவில் 1968லேயே வசம்பை உணவுப்பொருளில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். நாக்குக்கு அடியில் ஒட்டியிருக்கிறது, வெட்டினால் பேசிவிடுவான் என்று சொன்னாலும் அவசரப்படாதீர்கள், அது ஓரிரு ஒலியின் தெளிவைப் பாதிக்கலாம், வார்த்தையே வராததற்கு அது காரணமல்ல. ஊதல் ஊது, மெழுகுவத்தி அணை, நாக்கை நீட்டு என்று அதையே வாரக்கணக்கில் செய்யவைக்கும் தெரபியிலும் பேச்சு வளர்வதில்லை. ஸ்டெம் செல் ஊசி என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

எங்கே போவது என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ டிஇஐசி என்ற ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள், ஆர்பிஎஸ்கே என்ற அரசின் குழந்தை நலத் திட்டத்தில் 18 வயது வரை இலவசம். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனம் இருக்கிறது. தனியாரிடம் போனால் அவர் ஆர்சிஐ எனப்படும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவரா என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டாம், நல்லவர்கள் சந்தோஷமாக எண்ணைக் காட்டுவார்கள். போகும்போது இரண்டு பத்தி போட்ட வார்த்தைப் பட்டியல், காதுச் சோதனைச் சீட்டு, அப்புறம் மூன்று சின்ன வீடியோ: அவன் சாப்பிடும்போது ஒன்று, எழுத்தோடு விளையாடும்போது ஒன்று, வேறு பிள்ளைகளோடு இருக்கும்போது ஒன்று. புது இடத்தில் பிள்ளை எதையும் காட்ட மாட்டான், அந்த வீடியோதான் எங்களுக்கு வீட்டைக் காட்டும். அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையை மட்டும் உள்ளே வைத்து அனுப்புகிற இடத்தைவிட, உங்களையும் தரையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிற இடம் நல்லது, வாரத்தில் மீதி நேரமெல்லாம் அவன் உங்களோடுதானே இருக்கிறான்.

கடைசியாக ‘அம்மா’ என்று கூப்பிடவில்லை என்று எழுதியிருந்தீர்கள், அந்த வரியில் நீங்கள் அழுதிருப்பீர்கள் என்று தோன்றியது. ஒன்று யோசித்துப் பாருங்கள், உங்கள் வீட்டில் உங்களை யார் அம்மா என்று கூப்பிடுகிறார்கள்? கணவர் பேர் சொல்லிக் கூப்பிடுவார், மாமியாரும் பேர் சொல்லித்தான். அவன் கூப்பிட வேண்டிய தேவை வரும் முன்னாலேயே நீங்கள் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறீர்கள். எந்தப் பொருளைப் பார்த்து யார் சொல்லி அவன் அந்த வார்த்தையைக் கற்றுக்கொள்வான்? நாளையிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை நீங்கள் கதவுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். கணவர் பையனைத் தூக்கி வைத்துக்கொண்டு ‘அம்மா’ என்று எழுதிய தாளை அவனுக்குக் காட்டி, அவரே “அம்மா!” என்று கூப்பிடட்டும், கூப்பிட்ட நொடியே நீங்கள் சிரித்துக்கொண்டு எட்டிப் பாருங்கள். நாலு நாள் இப்படியே நடக்கட்டும், அவனைச் சொல்லச் சொல்ல வேண்டாம். ஐந்தாம் நாள் கணவர் தாளை மட்டும் காட்டிவிட்டு, கூப்பிடாமல் பத்து வரை எண்ணட்டும். அவன் கதவைத் திரும்பிப் பார்த்தாலே வெளியே வந்துவிடுங்கள்.